பதினாறு வயது மகனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது எப்படி, எப்போது?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருச்சியில் திருவெறும்பூர் பக்கம் வசிக்கிறோம். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். 18 வயது நிறைய இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. காலை ஐந்தரை மணிக்கு இயற்பியல் டியூஷன், பள்ளி முடிந்ததும் கணக்கு டியூஷன். வகுப்பில் பாதிப் பேர் ஸ்கூட்டரில் வருகிறார்கள் என்றும், தன்னை மட்டும் அப்பா கொண்டுவந்து விடுவது வெட்கமாக இருக்கிறது என்றும் சொல்கிறான். எங்கள் தெருவுக்குள் இரண்டு முறை அவனிடம் வண்டியைக் கொடுத்திருக்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நன்றாகவே ஓட்டினான், அதுதான் எனக்கு அச்சத்தைத் தந்தது. கை பழகிவிட்டது, ஆனால் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரையுள்ள தஞ்சாவூர் சாலையைத் தெரிந்தவர்களுக்கு, அணுகுசாலை இல்லாத அந்த நெடுஞ்சாலையில் உள்ளூர் வண்டிகள் லாரிகளோடும் பேருந்துகளோடும் ஒரே தடத்தில் எப்படிக் கலந்து ஓடுகின்றன என்பது தெரியும்.

சட்டப்படி கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் 18 வயது வரை ஒன்றுமே கற்பிக்காமல் இருந்துவிட்டு, பிறந்தநாள் முடிந்த கையோடு சாவியைக் கொடுப்பதும் சரியாகத் தோன்றவில்லை. இந்த இடைப்பட்ட காலத்தில் என்ன செய்யலாம், அதன் பிறகு எந்த வரிசையில் கற்பிக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பயிற்றுநர்_மதுரை:

ஐயா, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதை முன்கூட்டியே கேட்கும் பெற்றோர் மிகக் குறைவு. பெரும்பாலோர் பிள்ளை ஒரு முறை விழுந்து எழுந்த பிறகுதான் எங்களிடம் வருவார்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 4இன்படி 16 வயது நிறைந்தவர் ஓட்டக்கூடியது 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டியை மட்டுமே, அதற்கும் உரிமம் வேண்டும். ‘எக்ஸ்எல் வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை’ என்று ஊர்ப்பக்கம் இன்றும் சொல்கிறார்கள். எக்ஸ்எல் 100 வண்டி 99.7 சிசி. இப்போது கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் ஏறத்தாழ எல்லாமே 50 சிசியைத் தாண்டியவை. ஆகவே நடைமுறையில் 18 வயதுக்கு முன் உங்கள் வீட்டு வண்டியை மகன் பொது இடத்தில் ஓட்ட வழியே இல்லை. வீட்டுத் தெருவும் பொது இடம்தான்.

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு 199ஏ இன்னும் கடுமையானது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முயன்றோம் என்றோ மெய்ப்பிக்கும் பொறுப்பும் பெற்றோருடையதே. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. வேலைக்குப் போக வேண்டிய வயதில் வண்டி ஓட்ட முடியாமல் நிற்கும் அந்த ஏழு ஆண்டுகளைப் பற்றி யாரும் பிள்ளைகளிடம் பேசுவதில்லை. அவர்களுக்குச் சிறையைவிட இந்தச் செய்திதான் சட்டென்று உறைக்கிறது.

காப்பீடும் துணைக்கு வராது. உரிமம் இல்லாதவரிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்திருந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் பணம் கொடுத்தாலும், அதை உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன.

எப்படிக் கற்பிப்பது என்பதை நேரம் ஒதுக்கித் தனியாக எழுதுகிறேன்.

மேற்குமலை_அம்மா:

பயிற்றுநர் ஐயா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களைப் போன்ற ஊர்களின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் தேனி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர். சிறப்பு வகுப்பு முடிந்து மகள் வெளியே வரும்போது கடைசிப் பேருந்து போயிருக்கும். கணவர் வெளியூரில் வேலை செய்கிறார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் அவள் சாலையோரம் நின்று யாருடைய வண்டிக்கோ காத்திருப்பதைவிட, தானே ஓட்டி வருவது பாதுகாப்பு என்று எங்கள் ஊரில் பல தாய்மார் முடிவெடுத்திருக்கிறார்கள். அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்ல என்னால் முடியாது. பேருந்து நேரத்தை மாற்றித் தரும்படி மனுக் கொடுத்துவிட்டு, அது நிறைவேறும் வரை என்ன செய்வது என்பதுதான் எங்கள் கேள்வி.

பயிற்றுநர்_மதுரை:

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஒரு வழியை மட்டும் சொல்கிறேன். மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும்படி அங்கீகாரம் பெற்ற குறைந்த வேக மின்சார வண்டிகளுக்கு உரிமமும் பதிவும் தேவையில்லை. ஏழு கிலோமீட்டரை அது இருபது நிமிடத்தில் கடந்துவிடும். ஆனால் வாங்கும்போது அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கே வாங்காதீர்கள். கட்டுப்பாடு நீங்கிய நொடியில் அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமாகிவிடும். சட்டம் கேட்காவிட்டாலும் தலைக்கவசத்தோடு ஓட்டச் சொல்லுங்கள். வண்டியின் பின்புறம் ஒளிரும் பட்டையும் ஒட்டிவிடுங்கள்.

செவிலி_அவசரப்பிரிவு:

நான் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். மேலே பேசப்படும் வயதினரைத்தான் அதிகாலையிலும் இரவு எட்டு மணிக்கு மேலும் தள்ளுப்படுக்கையில் பார்க்கிறேன். ஆகவே இந்த உரையாடல் எனக்கு வெறும் விவாதமாகத் தோன்றவில்லை.

உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதன்மைக் காரணம் சாலை விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2022இல் இந்தியாவிலேயே அதிகமான விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105. அவற்றில் இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டில் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள்.

தலைக்கவசம் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதன் கொக்கியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போலீஸ்காரரைப் பார்த்ததும் எடுத்து மாட்டிக்கொள்ளும் ஹெல்மெட், தாடைக்குக் கீழே பூட்டப்படாமல் இருந்தால், விழும்போது தலை தரையைத் தொடுவதற்கு முன்பே கழன்று ஓடிவிடும். ஹெல்மெட் அணிந்திருந்தார் என்று உடன் வந்தவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். நோயாளியின் தலையோ வேறு கதையைச் சொல்லும். தலைக்கவசம் இறக்கும் அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. ஆனால் அந்தப் பயன், பூட்டப்பட்ட, அளவு சரியான, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள கவசத்துக்குத்தான் பொருந்தும். பிள்ளைக்கு வாங்கும்போது அவனையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பூட்டியபின் கவசத்தை இரு கையாலும் அசைத்தால் கன்னத்துச் சதையும் சேர்ந்து அசைய வேண்டும்.

இன்னொன்றும் கற்பியுங்கள். வழியில் விபத்தைக் கண்டால் 108ஐ அழைக்க வேண்டும்; அடிபட்டவரின் கழுத்தை வளைத்துத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைக்கக் கூடாது. உதவி செய்தவரைக் காவல் நிலையத்துக்கு அலைய விடக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 134ஏ பாதுகாப்பு அளிக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. பணத்துக்கும் போலீசுக்கும் அஞ்சி நேரத்தைக் கடத்துவதால் இழந்த உயிர்களைப் பார்த்திருப்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஸ்கார்பரோ_தமிழர்:

இங்கே கனடாவின் ஒன்ராறியோவில் என் மகளுக்கு உரிமம் எடுத்த அனுபவத்தைச் சொன்னால் பயன்படலாம். நிலைமைகள் வேறு, வண்டிகளும் வேறு; ஆனாலும் ஒரு கருத்து ஒப்பிடத் தக்கது.

இங்கே உரிமத்தை ஒரே நாளில் முழுமையாகக் கொடுப்பதில்லை. 1994 முதல் படிநிலை முறை. நியூசிலாந்து இதை 1987லேயே தொடங்கியது. இங்கே பதினாறு வயதில் எழுத்துத் தேர்வும் கண் பரிசோதனையும் முடித்தால் ஜி1 கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு, குறைந்தது நான்கு ஆண்டு அனுபவமுள்ள முழு உரிமக்காரர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே ஓட்டலாம். நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஓட்டக் கூடாது. பெரிய விரைவுச் சாலைகளில் ஏறக் கூடாது. ஓராண்டு கழித்து, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி எடுத்திருந்தால் எட்டு மாதம் கழித்து, சாலையில் ஓட்டிக் காட்டும் தேர்வில் தேறி ஜி2 பெறலாம். அதன் பிறகு தனியாக ஓட்டலாம் என்றாலும், பத்தொன்பது வயது வரை உள்ளவர்கள் முதல் ஆறு மாதம் நள்ளிரவுக்கு மேல் தம் வயதொத்த ஒருவரை மட்டுமே ஏற்றிச் செல்லலாம்.

கடைசி விதி எனக்கு முதலில் விநோதமாகத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது. இளையவர் தனியே ஓட்டும்போது ஒருவிதமாகவும், நண்பர்கள் ஏறியதும் வேறுவிதமாகவும் ஓட்டுகிறார்கள். நண்பர்களின் எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. இந்தியச் சட்டத்தில் எல்.எல்.ஆர் (பழகுநர் உரிமம்) காலம் முடிந்து, தேர்வில் தேறி உரிமம் பெற்றால் அடுத்த நாளே மூன்று நண்பர்களோடு காரில் நள்ளிரவில் கொடைக்கானலுக்குப் புறப்படலாம், தடையில்லை. சட்டம் வைக்காத அந்தப் படிகளைப் பெற்றோர்தான் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பயிற்றுநர்_மதுரை:

கனடா நண்பர் சொன்ன கடைசி வரியைத்தான் நானும் சொல்ல வந்தேன். எங்கள் பள்ளியில் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டதெல்லாம் ‘எட்டு எப்போது போடுவான்’ என்பதுதான். எட்டுப் போடுவது வண்டியின் சமநிலையைக் காட்டும். எதிரே வரும் லாரிக்காரர் நம்மைப் பார்த்தாரா இல்லையா என்று ஊகிக்கும் திறனை அது காட்டாது. விபத்துகள் பெரும்பாலும் இந்த ஊகத்தில்தான் நிகழ்கின்றன.

காவிரிக்கரை ஐயா, இந்த ஒன்றரை ஆண்டில் நீங்கள் செய்யக்கூடியது மிகுதி. முதலாவது, சைக்கிள். அதைச் சிறுபிள்ளைகளின் வண்டி என்று ஒதுக்காதீர்கள். இடப்புறம் ஒட்டிச் செல்வது, திரும்பும் முன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது, கையைக் காட்டுவது, நாற்சந்தியில் யார் முதலில் போவார் என்று கணிப்பது எல்லாவற்றையும் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அது ஒன்றுதான்.

இரண்டாவது, பின்சீட்டுப் பயிற்சி. நீங்கள் ஓட்டுங்கள், மகன் பின்னால் உட்கார்ந்து, தான் காணும் ஆபத்துகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரட்டும். ‘முன்னால் நிற்கும் ஆட்டோவின் சக்கரம் திரும்பியிருக்கிறது, கிளம்பப் போகிறது.’ ‘பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது, முன்புறம் யாராவது குறுக்கே ஓடி வரலாம்.’ ‘சாலையோரம் நாய் படுத்திருக்கிறது.’ ‘காரின் கதவு திறக்கலாம், உள்ளே ஆள் இருக்கிறது.’ முதல் வாரம் அவன் சொல்வதற்குள் நீங்கள் கடந்து போயிருப்பீர்கள். இரண்டு மாதத்தில் உங்களுக்கு முன்பே அவன் பார்த்துவிடுவான். பதினெட்டு வயதில் கைப்பிடியைப் பிடிக்கும்போது அந்தக் கண் அவனிடம் தயாராக இருக்கும்.

மூன்றாவது, தூரக் கணக்கு. இயற்பியல் டியூஷனுக்குத்தான் போகிறான், அவனையே போடச் சொல்லுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்தால் அதற்குள்ளேயே ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும்; காய்ந்த சாலையில் நிற்க மேலும் 10 மீட்டர். ஆக 27. அதே கணக்கை 60க்குப் போட்டால் 48 மீட்டர் வரும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. நிற்கும் தூரமோ ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்காகிவிட்டது. நாம் நூறு முறை ‘மெதுவாகப் போ’ என்று சொல்வதைவிட அவன் கையால் போட்ட கணக்கு மனத்தில் நிற்கும்.

எல்.எல்.ஆர் எடுத்தபின் செய்ய வேண்டியவை. விதிப்படி ‘எல்’ பலகை வேண்டும். இருசக்கர வண்டியில் கற்பிப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. ஞாயிறு அதிகாலை வெறிச்சோடிய சாலையில் தொடங்குங்கள். முதலில் ஓட்டுவதைக் கற்பிக்காதீர்கள், நிறுத்துவதைக் கற்பியுங்கள். ‘முன் பிரேக்கைத் தொட்டால் கவிழ்ந்துவிடும்’ என்ற அச்சம் நம் ஊரில் தலைமுறைகளாக இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு வருவதால் வண்டியை நிறுத்தும் வலு பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தி, கைப்பிடி நேராக இருக்கும்போது நிறுத்தப் பழக்குங்கள். 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் 125 சிசி வரை இணைந்த பிரேக்கும், அதற்கு மேல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயமாக்கப்பட்டன. உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்றால் இந்தப் பயிற்சி இன்னும் முக்கியம். மணல் படிந்த திருப்பத்திலும், மழை தொடங்கிய முதல் கால் மணி நேரத்திலும், நெல் காயவைத்த சாலையிலும் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் என்ன ஆகும் என்பதை மெதுவான வேகத்தில் உங்கள் கண் முன்னால் அவன் உணரட்டும்.

பிறகு பேருந்து. இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். தெரிந்த ஓட்டுநர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, நிற்கும் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் மகனை உட்காரவைத்து, நீங்கள் வண்டியோடு பேருந்தின் இடப்புறம் முன்சக்கரத்துக்கு அருகில் போய் நில்லுங்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அவனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வாழ்நாளில் அவன் பேருந்தின் இடப்புறம் நுழைய மாட்டான். என் மாணவர்களிடம் நான் கண்ட மிகப் பெரிய மாற்றம் இந்த ஒரு பாடத்தால் வந்தது.

நான்குவழிச் சாலையைக் கடைசியில் வையுங்கள். யு-டர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதற்காக எதிர்த்திசையில் ஓரமாக வரும் வழக்கம் எல்லா ஊர்களிலும் இருக்கிறது. அதை அப்பா ஒரு முறை செய்து பார்த்துவிட்டால் மகனுக்கு அது விதியாகிவிடும்.

கல்லூரி_மாணவி:

எனக்கு இருபது வயது. கோவையில் படிக்கிறேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் ஓர் இளையவள் சொல்வதையும் கேட்க வேண்டுகிறேன்.

நான் வண்டி ஓட்டும்போது என் கைப்பேசி அடித்தால், பத்தில் எட்டு முறை அழைப்பது என் அம்மாதான். எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்பார். எடுக்காவிட்டால் பதறி மீண்டும் மீண்டும் அழைப்பார். அந்தப் பதற்றத்தை நினைத்தே நாங்கள் ஹெல்மெட்டுக்குள் கைப்பேசியைச் செருகிக்கொள்கிறோம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 28 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாகப் பொருள் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கடந்த ஆண்டு ஓர் ஏற்பாடு செய்தோம்: புறப்படும்போது ஒரு செய்தி, சேர்ந்ததும் ஒரு செய்தி, இடையில் யாரும் அழைப்பதில்லை. முதல் சில நாள்கள் அம்மாவுக்கு மிகவும் கடினமாக இருந்தது.

இன்னொன்று. தாமதமாகிவிட்டால் திட்டாதீர்கள். ‘ஏழு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும்’ என்று சொன்னால் ஆறே முக்காலுக்கு நாங்கள் வேகத்தைக் கூட்டுகிறோம். நண்பர்களோடு இருக்கும்போது அவர்களில் ஒருவர் குடித்திருந்தாலோ, மூன்றாவதாக ஏறச் சொன்னாலோ, எந்த நேரமானாலும் அழைத்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் வந்து கூட்டிப்போவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு முறை அழைத்தேன். இரவு பதினொன்றரை மணி. வழியெல்லாம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில்தான், காப்பி குடிக்கும்போது, நல்ல காரியம் செய்தாய் என்றார்.

மேற்குமலை_அம்மா:

மகளே, இதைப் படித்துவிட்டு நான் இனிமேல் இடையில் அழைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மின்சார வண்டி பற்றி கணவரிடம் பேசினேன். பொங்கலுக்கு வரும்போது பார்க்கலாம் என்றார். அதுவரை பக்கத்து வீட்டுப் பெண்ணின் தந்தை இரண்டு பிள்ளைகளையும் வாரத்தில் மூன்று நாள் ஆட்டோவில் அழைத்து வரவும், மற்ற நாள்களில் சிறப்பு வகுப்பைக் காலைக்கு மாற்றித் தரும்படி ஆசிரியரிடம் கேட்கவும் இருக்கிறோம்.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. கடந்த இரண்டு வாரமாகப் பின்சீட்டுப் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறோம். தெருவுக்குள் வண்டி கொடுத்தது என் தவறு என்று மகனிடமே சொன்னேன். 25 வயது விவரத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியது உண்மை. காலை டியூஷனுக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன், மாலையில் சைக்கிள்.

மூன்றாம் நாள் அவன் சொன்ன முதல் ஆபத்து நான்தான்: ‘அப்பா, நீங்கள் இண்டிகேட்டர் போடாமல் திரும்பினீர்கள்.’ நான்காம் நாள், ஹெல்மெட்டின் கொக்கியைப் பூட்டாமல் கிளம்பியதையும் சொன்னான். முப்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். இதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

பயிற்றுநர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. அவனுக்கு ஆகஸ்டு மாதம் 18 நிறைகிறது. உடனே எல்.எல்.ஆர் எடுத்துவிட்டு, முப்பது நாள் முடிந்ததும் தேர்வுக்குப் போகலாமா?

பயிற்றுநர்_மதுரை:

போகலாம், சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் போகாதீர்கள். எல்.எல்.ஆர் ஆறு மாதம் செல்லும். ஆகஸ்டில் எடுத்தால் பிப்ரவரி வரை நாள் இருக்கிறது, நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் வரும். நீங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே அவன் அந்த மழையில் ஓட்டிப் பழகட்டும். தை பிறந்ததும் ஆர்.டி.ஓ அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.